பலூனுக்குள் அடங்கும் அளவு

இரண்டு நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன்.
நாற்பத்தேழாம் பக்கம், மூன்றாவது கட்டம்.
குதிரைப்படைக் கேப்டன் கையை நீட்டி
தூரத்து மொட்டைக் குன்றைக் காட்டுகிறான்.
'இனி உங்கள் இடம் அது.'
அந்த 'அது'வுக்கு அவன் மொழியில் ஒரு பெயர் இருக்கிறது.
ரிசர்வேஷன் என்று அப்படியே விட்டால்
'எக்மோர்ல டிக்கெட் எடுக்கிறானுங்களா?' என்பார்
ஆசிரியர் ஜோதிராமலிங்கம்.
ஒதுக்கீடு என்றால் வேறு சண்டை வரும்.
பலூனோ சின்னது.
பத்து எழுத்துக்கு மேல் போனால்
கேப்டனின் தொப்பியை மறைக்கும்.

பக்கத்துக்கு அறுபது ரூபாய்.
'டுமீல்'களுக்குத் தனியாகக் காசு கிடையாது.

ஜன்னலுக்கு வெளியே பள்ளிக்கரணை.
கோரைக்கு அப்பால் குப்பைமேட்டுப் புகை,
அதற்கும் அப்பால் கண்ணாடிக் கட்டடங்கள்.
ஆரஞ்சு சட்டை போட்ட பையன்கள்
முக்காலியில் கருவியை நிறுத்தி
ஒற்றைக் கண்ணால் சதுப்பைப் பார்க்கிறார்கள்.
போன வாரம் குடிசைகளுக்கு எண் போட்டார்கள்.
பூங்காவனத்தின் கதவில் 113, சிவப்பு பெயின்ட்,
காய்வதற்குள் அதன்மேல் ஒரு ஆட்டுக்குட்டி உரசிவிட்டுப் போனது.

நாங்களும் இங்கே வந்தவர்கள்தான்.
கூடாரம் போட்ட வண்டி இல்லை, ஒரு குட்டி யானை;
அதில் பிரிட்ஜ், பீரோ, கயிற்றில் கட்டிய துளசித் தொட்டி.
'ஏரி இல்ல சார், மேய்க்கால்தான், அதுவும் அந்தக் காலத்துல'
என்றார் புரோக்கர் முனிரத்தினம்.
மேய்க்கால் என்றால் மேய்வதற்கு யாரோ இருந்திருக்க வேண்டும்
என்று அன்றைக்குத் தோன்றவில்லை.
லோன் வேறு கிடைத்துவிட்டது.

ஒரு டிசம்பரில் தண்ணீர் தன் இடத்தைத் தேடி
எங்கள் முதல் மாடி வரை ஏறி வந்தது.
கன்னியப்பன் நாலு டிரம்மைக் கட்டி மிதக்கவிட்டு
என் மாமியாரை, பிறகு பூனையை, பிறகு என்னை,
பிறகு நான் கேட்டதால்
பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு கவ்பாய் கதையின் பாதி மொழிபெயர்ப்பை
கரை சேர்த்தான்.
காசு கொடுத்தேன். வாங்கிக்கொண்டான்.

மூன்று வருடம் கழித்து குடியிருப்போர் சங்கம் ஒரு மனு எழுதியது.
எருமைகள் வாசலில் சாணி போடுகின்றன,
பிள்ளைகள் பயப்படுகிறார்கள், சுற்றுச்சூழல் கெடுகிறது,
ஆக்கிரமிப்பு.
இருபத்தேழாவது கையெழுத்து என்னுடையது.
மனுவில் இருந்த இரண்டு ஒற்றுப்பிழையை
நான்தான் திருத்திக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை லாரிகள் வந்தன.
கைரேகை வைத்தவர்களுக்கு டோக்கன்.
'எருமைய எங்க கட்டறது?'
'எட்டாவது மாடிப்பா. லிஃப்ட்ல ஏத்தறியா?'
போலீஸ்காரர் ஒருவர் சிரித்தார், பிறகு நிறுத்திக்கொண்டார்.
கன்னியப்பன் எதுவும் பேசவில்லை.
என் கதைகளில் இந்தக் கட்டத்தில்
குன்றின்மேல் வரிசையாகக் குதிரைகள் தோன்றும்.
இங்கே பால்கனிகளில் நாங்கள் தோன்றினோம்,
கையில் காபி டம்ளர்களோடு.

லாரியில் பாத்திரங்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த பூங்காவனம்
அண்ணாந்து பார்த்துக் கேட்டாள்:
'அடுத்த தபா தண்ணி வந்தா
யாரக் கூப்புடுவீங்கோ?'
கோபமாகக்கூட இல்லை.
நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பவள் போல.

அன்று இரவு நாற்பத்தேழாம் பக்கத்தை முடித்தேன்.
'இனி உங்கள் இடம் பெரும்பாக்கம்.'
அந்தச் சொல்லுக்கு ஏழே எழுத்து. அடங்கியது.
கேப்டனின் தொப்பியில் ஒரு நூல்கூட மறையவில்லை.

'என்னய்யா, தூக்கக் கலக்கமா?' என்று போனில் சிரித்துவிட்டு
ஜோதிராமலிங்கம் அதை 'அந்தக் குன்று' என்று மாற்றிக்கொண்டார்.

செங்குன்றத்து வியாபாரி பிடித்துப் போன எருமைகளில் ஒன்று
எப்படியோ திரும்பி வந்து கேட்டுக்கு முன்னால் நிற்கிறது.
சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில்
'யாராவது கார்ப்பரேஷனுக்குச் சொல்லுங்க ப்ளீஸ்.'
அதற்கு அடியில் ஒன்பது கட்டைவிரல்கள்.
கழுத்தில் அறுந்த கயிறு, முதுகில் காய்ந்த சேறு.
வாட்ச்மேன் இன்டர்காமில் கேட்கிறான்,
'சார், உங்களுக்குத் தெரிஞ்ச மாடா?'